மிடில் ஸ்கூல் படிவத்தை இரண்டாம் முறை நிரப்பும்போது

சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக ஒரு படிவம் கிடக்கிறது. மகன் வரும் ஆகஸ்டில் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். எந்தக் கணக்கு வகுப்பு, எந்த எலக்டிவ் (விருப்பப் பாடம்) என்று இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இதே படிவம் மகளுக்காக வந்தபோது, அவள் தூங்கிய பிறகு நானே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். அவள் பென்சிலால் வட்டமிட்டிருந்த ஒன்றை அழிக்கவும் செய்தேன். அந்த இருபது நிமிடத்தைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்த்தாலும் நம்மில் பலர் மிடில் ஸ்கூலில் படித்ததில்லை. நாம் படித்த காலத்தில் ஆறாம் வகுப்பு என்பது ஐந்தாம் வகுப்பின் தொடர்ச்சி, அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் ஆறு முதல் எட்டு வரை தனிப் பள்ளி. அதுவரை ஒரே டீச்சரிடம் ஒரே அறையில் இருந்த பிள்ளை, திடீரென்று ஆறேழு டீச்சர்களிடம், மணி அடித்தால் சில நிமிடத்தில் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல், உடற்பயிற்சி எல்லோருக்கும் உண்டு. பிள்ளைக்கு ஏற்றபடி முடிவு செய்ய நம் கையில் இருப்பது கணக்கு எந்த நிலை, மீதி ஒன்றிரண்டு பீரியடில் என்ன எலக்டிவ், பள்ளி விட்ட பிறகு என்ன, இந்த மூன்றும்தான். கேட்க எளிதாக இருக்கிறது. மூன்றிலும் நான் தவறினேன்.

முதலில் பள்ளி விட்ட பிறகான நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் முதலில் உடைந்தது.

மகளின் ஆறாம் வகுப்பில் திங்கள் சயின்ஸ் ஒலிம்பியாட் என்ற அறிவியல் போட்டிக் கிளப், செவ்வாயும் வியாழனும் நீச்சல், புதன் மேத்கவுன்ட்ஸ் என்ற கணக்குப் போட்டிக் கிளப், வெள்ளி பாட்டு வகுப்பு, சனி தமிழ்ப் பள்ளி. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லது. ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது "வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தானே" என்று நினைத்தேன். போக வர ஆகும் நேரம், குளித்துச் சாப்பிடும் நேரம், மேத்கவுன்ட்ஸுக்கு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி, இது எதுவும் என் கணக்கில் வரவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. நீச்சல் முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் சத்தமே இல்லை. சிக்னலில் திரும்பிப் பார்த்தால், ஈரத் தலையோடு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் கணக்குத் தாள். ஐந்தாவது கணக்கின் பாதியிலிருந்து பென்சில் கோடு தாளின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வீட்டு வாசலில் எழுப்பினேன். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது: "அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

அன்று இரவு நானும் கணவரும் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டோம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்ன அளவு, 6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10. அவளுக்கு அப்போது பதினொன்று. காலை 7:15-க்குப் பஸ், அதனால் 6:30-க்கு எழுந்தாக வேண்டும். குறைந்தபட்ச ஒன்பது மணி நேரத்துக்கே இரவு 9:30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். அவள் படுத்துக்கொண்டிருந்தது பத்தே முக்காலுக்கு. தினமும் ஒன்றேகால் மணி நேரம் கடன். பள்ளி நாட்கள் ஐந்துக்கும் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். பிள்ளையைச் சோம்பேறி என்று நான் இரண்டு முறை திட்டியிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

பள்ளி தொடங்கும் நேரம் நம் கையில் இல்லை. மிடில் ஸ்கூலும் ஹைஸ்கூலும் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் மிடில் ஸ்கூல் எட்டு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கிராமப்புற மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு. மற்ற பல இடங்களில் பஸ் அட்டவணைதான் தீர்மானிக்கிறது. அதனால் எழும் நேரத்தை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கித் தூங்கும் நேரம், அதிலிருந்து பின்னோக்கிச் சாப்பாடு, வீட்டுப்பாடம். மிச்சம் இருக்கும் கட்டத்தில்தான் கிளப்பும் வகுப்பும். நான் செய்தது நேர் எதிர்: கிளப்பை எல்லாம் எழுதிவிட்டு மிச்சத்தில் தூங்கச் சொன்னேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வார நாட்களில் இரண்டு மாலை முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல வாய்ப்பு வந்தாலும், ஏற்கெனவே இருப்பதில் ஒன்று வெளியே போன பிறகுதான் புதியது உள்ளே வரும். இன்னொன்று, புதிதாக எதில் சேர்ந்தாலும் திரும்பி வருவது எப்படி என்று முதலிலேயே பேசிக்கொள்கிறோம். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும் லேட் பஸ் எங்கள் பள்ளியில் உண்டு என்று நம்பித்தான் திங்கள் கிளப்பில் சேர்த்தோம். டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். வசந்தகாலம் வரை வேலை நடுவில் ஓடி ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். கார்பூலுக்கு ஆள் பார்க்க வேண்டிய மாதம் செப்டம்பர். டிசம்பரில் கேட்டால் எல்லோருடைய காரும் நிறைந்திருக்கிறது.

அடுத்தது கணக்கு. நம் வீடுகளில் அதிகம் மூச்சு முட்டுவது இங்கேதான்.

இங்கே கணக்கு ஒரு சங்கிலி. எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 முடித்தால், ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் ஆல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். எட்டில் ஆல்ஜீப்ரா வேண்டுமென்றால், அதற்கு முந்தைய பாடங்களை எங்கோ ஓர் இடத்தில் நெருக்கிப் படிக்க வேண்டும். அந்த நெருக்கம் பல மாவட்டங்களில் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பதினோரு வயதுப் பிள்ளையின் படிவத்தைப் பார்த்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கால்குலஸ் பற்றி நாம் பயப்படுகிறோம். மகளுக்கு அப்படி நெருக்கிப் படிக்கும் வேக வகுப்பில் இடம் கிடைத்ததும் யோசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் மதிப்பெண் சரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்தேன். முக்காலை அரையால் வகுக்க வேண்டிய கணக்கு. பல மாநிலங்கள் பின்பற்றும் காமன் கோர் பாடத்திட்டத்தில் இது ஆறாம் வகுப்புக்கே உரிய பாடம். சட்டென்று இரண்டாம் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி விடை போட்டாள். சரியான விடை. "வகுத்தா குறையணும், இது ஏன் கூடுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. கண் கலங்கிவிட்டது. அப்புறம் தமிழில் கேட்டேன்: "முக்காலுக்குள்ள எத்தனை அரை இருக்கு?" ஒரு தாளை நாலாக மடித்து, மூன்று கட்டத்துக்கு நிறம் தீட்டி, விரலால் ஓர் அரையை மறைத்தாள். மிச்சம் ஒரு கால். "அரையில பாதி... ஒன்றரை!" என்றாள். முகம் மலர்ந்தது. எனக்கோ அடிவயிறு கலங்கியது. வகுப்பு அந்த இடத்தைத் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. செய்முறை கையில் இருக்கிறது, பொருள் இல்லை. அடுத்த பாடம் அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறது.

வேக வகுப்பிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாற்றக் கேட்டோம். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடமிருந்து பதில் வர இரண்டு வாரம் ஆனது. மாற்றுவதற்கான கடைசித் தேதி அதற்குள் கடந்துவிட்டது என்றார்கள். கடைசியில் கணக்கு டீச்சரே பரிந்து பேசி, ஜனவரியில் மாற்றிக் கொடுத்தார். அந்த இரண்டு மாதம் அவள் காலையில் வயிற்று வலி என்று சொல்லாத திங்கட்கிழமை இல்லை.

அதனால் கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வேக வகுப்பிலிருந்து இறங்கக் கடைசித் தேதி எது? சாதாரண வகுப்பிலிருந்து அடுத்த வருடம் ஏற வழி உண்டா, அதற்குத் தேர்வா, கோடை வகுப்பா? மிடில் ஸ்கூலில் எடுக்கும் ஆல்ஜீப்ரா 1 மதிப்பெண் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறுமா? கடைசிக் கேள்வி முக்கியம். சில மாவட்டங்களில் ஏறுகிறது. பதின்மூன்று வயதில் வாங்கிய ஒரு சுமாரான மதிப்பெண் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வரலாம்.

அப்புறம், நண்பர் வீட்டுத் திட்டத்தை அப்படியே எடுக்காதீர்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் விதி வேறு, காலத்துக்குக் காலம் அதுவும் மாறும். சான் பிரான்சிஸ்கோவில் 2014-இல் எட்டாம் வகுப்பிலிருந்து ஆல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மக்கள் வாக்களித்தார்கள். ஒரே ஊரில், ஒரே வீட்டில், அக்காவுக்கு ஒரு பாதை, தம்பிக்கு வேறு பாதை அமைந்திருக்கும்.

மகள் இப்போது எட்டாம் வகுப்பு. சாதாரணக் கணக்குதான். ஒன்பதில் ஆல்ஜீப்ரா 1 எடுப்பாள். பத்தில் ஜியாமெட்ரியையும் ஆல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்க எங்கள் ஹைஸ்கூலில் இடம் உண்டு. விரும்பினால் பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடலாம். விரும்பாவிட்டால் புள்ளியியல் இருக்கிறது. கணக்கு அவளுக்குப் பிடித்த பாடமாகத் திரும்பிவிட்டது. எனக்கு அதுதான் பெரிது.

எலக்டிவ் விஷயத்துக்கு வருகிறேன். அன்று நான் அழித்த வட்டம் ஆர்கெஸ்ட்ரா. அவளுக்கு வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்க ஆசை. நான் அதை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் என்று போட்டேன். ஏழாம் வகுப்பில் வயோலா எடுக்கலாம் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். சில வகுப்புகள் ஏணி மாதிரி, சில திண்ணை மாதிரி. ஏணியில் முதல் படி ஏறாமல் மூன்றாம் படியில் கால் வைக்க முடியாது. திண்ணையில் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, ஸ்பானிஷ் போன்ற மொழிகள் எல்லாம் ஏணி. கம்ப்யூட்டர், ஓவியம், நாடகம், மரவேலை பெரும்பாலும் திண்ணை. நான் ஏணியை எடுத்துவிட்டுத் திண்ணையை முதலில் போட்டேன். அடுத்த வருடம் அவள் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தபோது, தொடக்க வகுப்பில்தான் சேர்க்க முடியும் என்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் ஒரு தலை உயரமாக அவள் மட்டும். அவளுடைய தோழிகள் அடுத்த நிலையில் கச்சேரி வாசித்துக்கொண்டிருந்தார்கள். "நீதானே அழிச்ச" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பல மாவட்டங்களில் ஏழிலும் எட்டிலும் சேர்த்து எடுக்கும் மொழி வகுப்பு, ஹைஸ்கூல் முதல் வருட மொழிக்கு ஈடாகிறது. ஒன்பதில் நேரே இரண்டாம் நிலைக்குப் போகலாம். எங்கள் பள்ளியில் ஆர்கெஸ்ட்ராவும் மொழியும் ஒரே பீரியடில் மோதுகின்றன. இந்த மோதல் படிவத்தில் தெரியாது. மணி அட்டவணையைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

வாத்தியம் வாங்க ஓடாதீர்கள், வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளின் வயோலாவைக் கை நீளம் பார்த்துத்தான் தருவார்கள். 13, 14, 15 அங்குலம் என்று அளவு உண்டு. மகள் பதினாலில் தொடங்கி ஒரே வருடத்தில் பதினைந்துக்கு மாறினாள். செல்லோ, டியூபா போன்ற பெரியவற்றைப் பல பள்ளிகளே வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என்று இரவல் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். பல்லுக்குக் கம்பி போடும் திட்டம் இருந்தால், டிரம்பெட் மாதிரி உதட்டில் அழுத்தும் வாத்தியத்துக்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கிளப்புகளில் எது எவ்வளவு கேட்கும் என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் நல்லது. சயின்ஸ் ஒலிம்பியாட் மிடில் ஸ்கூல் பிரிவில் ஓர் அணிக்கு 15 பேர், போட்டிகள் 23. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று போட்டி விழும். அதில் ஏதாவது செய்து காட்டும் போட்டி வந்தால், சனி ஞாயிறு கராஜில்தான். கைவேலை பிடித்த பிள்ளைக்கு அது சொர்க்கம். மேத்கவுன்ட்ஸ் 1983-இலிருந்து நடக்கிறது. அதன் ஸ்பிரின்ட் சுற்றில் கால்குலேட்டர் இல்லாமல் 40 நிமிடத்தில் 30 கணக்கு. வேகம் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் அது சரி. மகளுக்கு நின்று யோசிக்கத்தான் பிடிக்கும். கணக்கில் ஆசை இருக்கிறது, ஆனால் வாரா வாரம் நேரம் கொடுக்க முடியாது என்றால் ஏஎம்சி 8 என்ற கணக்குப் போட்டித் தேர்வு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, 25 கேள்வி, 40 நிமிடம்.

அவளுக்குப் பொருந்தியதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். ஏழாம் வகுப்பில் காலியாகக் கிடந்த ஒரு செவ்வாய் மாலையில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள், நேஷனல் ஹிஸ்டரி டே பற்றிய அறிவிப்பை எடுத்து வந்தாள். வரலாற்றில் ஒரு பொருளை எடுத்துக் கட்டுரையாகவோ, நாடகமாகவோ, ஆவணப் படமாகவோ, இணையதளமாகவோ, கண்காட்சிப் பலகையாகவோ செய்யும் போட்டி. அவள் பலகையைத் தேர்ந்தெடுத்தாள். பலகையில் சொந்தமாக எழுதுவது 500 சொல்லைத் தாண்டக் கூடாது. அவள் எழுதி முடித்தபோது 740. மூன்று இரவு இந்த மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்தாள். "அம்மா, 'மிகவும்' எடுத்தா ஒண்ணு குறையுது" என்று சமையலறை வரை வந்து சொல்வாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மாவட்ட அளவோடு நின்றுவிட்டது, ஆனால் இந்த வருடமும் செய்கிறாள்.

கல்லூரிக்கு உதவுமே என்று நினைத்துத்தான் நான் அத்தனையையும் அடுக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில் செயல்பாடுகள் கேட்கும் பகுதி ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் வகுப்புக் கிளப்பை எழுத அங்கே கட்டமே இல்லை. இதை யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால் அந்த அக்டோபர் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். பள்ளி அணியில் விளையாட ஆசை இருந்தால், ஆறாம் வகுப்புக்கு இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பல பள்ளிகளில் ஏழிலிருந்துதான். டிரையவுட்டுக்கு (அணித் தேர்வுக்கு) முன் மருத்துவர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவம் கேட்பார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் டீடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்) தடுப்பூசி போட வேண்டும், பல மாநிலங்களில் பள்ளிகளும் அதைக் கேட்கின்றன. இரண்டையும் ஜூனில் ஒரே நாளில் முடித்துவிட்டால் ஆகஸ்டில் மருத்துவமனைச் சந்திப்புக்கு அலைய வேண்டாம்.

சரி, மகன் படிவத்துக்கு வருகிறேன். இவன் அக்கா மாதிரி இல்லை. எதைக் கேட்டாலும் "தெரியலம்மா" என்பான். போன வாரம் மூன்று தாள் கொடுத்தேன். ஒன்றில் வாரக் கட்டம். தூக்கத்தையும் பஸ்ஸையும் அவனையே நிறம் தீட்டச் சொன்னேன். ஒன்றில் பள்ளி தரும் எலக்டிவ்கள். எது ஏணி, எது திண்ணை என்று அக்காவோடு உட்கார்ந்து பிரித்தான். மூன்றாவது கணக்கு. பின்னக் கணக்கு சிலவற்றை வாயால் விளக்கச் சொன்னேன், விடை முக்கியமில்லை என்று சொல்லியே கேட்டேன். இவன் படம் போட்டுச் சொன்னான். வேக வகுப்புக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. இறங்கும் தேதி செப்டம்பர் மூன்றாம் வாரம் என்று கவுன்சிலரிடமிருந்து எழுத்தில் வந்துவிட்டது. அதை நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

இசை மட்டும்தான் பாக்கி. டிரம்ஸ் அடங்கிய பெர்க்கஷன் பிரிவுக்கு எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குவதால் இடம் குறைவு. இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்றும் எழுதச் சொல்கிறார்கள். இரண்டாவதாக டிராம்போன் என்று எழுதியிருக்கிறான். நேற்று இரவு அக்கா அவனிடம், டிராம்போன் பெட்டி லாக்கருக்குள் போகாது, பஸ்ஸில் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கைகளை விரித்து நீளம் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் தன் கையை நீட்டி அந்த நீளத்தை அளந்து பார்த்தான். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.